இட்டூப்பு வீட்டுக் கம்ப்யூட்டர்

"சும்மா கொடுக்கிறது நல்ல சாமானா இருந்தா, அதை ஏன் அப்பாப்பா சும்மா கொடுக்கிறாங்க?"

பேத்தி டெஸ்ஸா ஒருநாள் இப்படிக் கேட்டபோது இட்டூப்பிடம் பதில் தயாராக இருந்தது.

"கர்த்தர் வெயிலைச் சும்மாதானே கொடுக்கிறாரு?"

"அதான் வெயில்ல போகாதேன்னு அம்மாமா திட்டுறாங்க," என்றாள் டெஸ்ஸா.

பேச்சு கம்ப்யூட்டரைப் பற்றியது. இட்டூப்பு வீட்டுக் கம்ப்யூட்டர், காலையில் பொத்தானை அழுத்தினால் கஞ்சி குடித்து முடித்த பிறகே கண் திறக்கும். புதிதாக மாற்றலாகி வந்த ஷெர்லி டீச்சர், அதை ஓட்டும் பழைய மென்பொருளை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிப்பதும் அதில்தானாம். யாரோ பலர் கூடிச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்களாம்.

"கூலி எல்லாம் வேண்டாம் சேட்டா. பலா பழுத்தா ஒண்ணு கொடுங்க, போதும்."

அந்த வாரம் இட்டூப்பு குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனார். "எங்க வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ரோசிலிகிட்ட இருக்கும், வாங்கிக்குங்க," என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்தாள். "வேலை முடிஞ்சது சேட்டா. திரையில இருக்கிற படத்தைக்கூட மாத்தல. எல்லாம் பழையபடியே இருக்கும்."

திரும்பி வந்து பார்த்தார். எல்லாம் பழையபடியே இருந்தது. நல்ல கைவேலை என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய பெரியப்பா மகன். அவர் பெயரும் இட்டூப்புதான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம். அண்ணன், தம்பியான அவர்களின் அப்பாக்கள் இருவரும் தத்தம் மூத்த மகனுக்கு ஒரே தாத்தாவின் பெயரை வைத்ததில், வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆறு மாதம் மூத்தவர் பெரிய இட்டூப்பு. பேங்கில் இருந்தவர்.

"சும்மா கிடைச்ச மாட்டுக்குப் பல்லைப் பார்க்கக் கூடாதுடா," என்றார் பெரிய இட்டூப்பு. "ஆனா பால் இருக்கான்னு பார்க்கணும்."

இரண்டு வாரம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜிஷாவின் இரண்டாவது பையனுக்கு நம்ம ஊர் நேரப்படி நான்கு மணிக்கு அங்கே ஞானஸ்நானம். இரண்டாவது பையனுக்கு அம்மாவுடைய அப்பா பெயர். சாமியார் 'இட்டூப்பு' என்று கூப்பிடுவதைத் தன் காதால் கேட்க வேண்டும். அதற்கு மேல் இந்த உலகத்தில் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவர் ஜெபத்திலேயே சொல்லியிருந்தார். மனைவி மரியக்குட்டியின் நல்ல போன் வேளாங்கண்ணிக் கடலோடு போய்விட்டது. இவரிடம் இருப்பது பொத்தான் போன். ஆக, வீடியோவில் பார்க்கக் கம்ப்யூட்டர் ஒன்றே வழி.

மூன்றரைக்குப் பொத்தானை அழுத்தினார். திரை முழுக்க நீலம். 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்.' பன்னிரண்டு சதவீதம்.

டீச்சருக்குப் போன் போட்டார்.

"இப்படி வரவே வராதே. என்ன நிறம் சேட்டா?"

"நீலம்."

"நீலமா?" என்று திருப்பிக் கேட்டாள் டீச்சர். "நான் ஊருக்கு வந்திருக்கேன். நாளைக்கு வந்து பார்க்கட்டுமா?"

"நாளைக்குப் பையனுக்குப் பேரு இருக்கும் டீச்சர். நான் கேட்டிருக்க மாட்டேன்!"

பதினாலு சதவீதத்தில் பொறுமை போய், பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினார். இப்போது 'பழுது பார்க்கப்படுகிறது' என்றது. ஒருவழியாக அது பாஸ்வேர்டு கேட்டபோது மணி மூன்று ஐம்பது.

"ஒரு நிமிஷம்," என்றாள் மரியக்குட்டி. வேளாங்கண்ணி எண்ணெயில் விரலைத் தொட்டு, விசைப்பலகையின் மேல் பெரிதாக ஒரு சிலுவை போட்டாள். விசுவாசம் அதிகம். எண்ணெயும் அதிகம். அழுத்தியபோது உள்ளே போன நான்கு விசைகள் மேலே வரவில்லை. மூன்று முறை பாஸ்வேர்டு தவறியதும் கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொண்டது.

இட்டூப்பு மறுபடி போனை எடுத்தார். "சும்மா கொடுத்ததுக்கு இதுதான் கதி டீச்சர். இனிமே யார் வீட்லயும் இந்தப் புண்ணியத்தைச் செய்யாதீங்க!"

"மன்னிச்சிருங்க சேட்டா," என்றாள் டீச்சர்.

இட்டூப்பும் மரியக்குட்டியும் டெஸ்ஸாவும் வேலியைத் தாண்டி ஓடினார்கள்.

"வா, வா," என்றார் பெரிய இட்டூப்பு. இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போல இருந்தார். "பாருடா, காசு கொடுத்து வாங்கினது." பொத்தானை அழுத்தினார். மரியக்குட்டி மூச்சு வாங்கி முடிப்பதற்குள் திரை திறந்தது. ஜிஷா சிரித்தாள். பின்னால் கோயில், தொட்டி, வெள்ளைத் துணிக்குள் ஒரு குட்டி முகம். சாமியார் தண்ணீரை ஊற்றினார்.

"இட்டூப்பு..."

குழந்தை வீறிட்டு அழுதது. இந்தப் பக்கம் இரண்டு இட்டூப்புகளும் அழுதார்கள்.

"காசு கொடுத்தது காசு கொடுத்ததுதான் சேட்டா," என்றார் சின்ன இட்டூப்பு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஒத்துக்கிறேன்."

"முன்னே இதுவும் மக்கர் பண்ணிட்டுதான் இருந்துச்சு. இப்போ ரெண்டு வாரமா என்னமா ஓடுது! பழகப் பழகத்தான் தரம் தெரியும்."

டம்ளர்களைக் கொண்டுபோய் வைக்க இட்டூப்பு சமையல்கட்டுக்குப் போனார். பெரிய இட்டூப்பின் மனைவி ரோசிலி குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட சொல்லிராதீங்க. நீங்க வேளாங்கண்ணி போயிருந்தப்போ ஒரு டீச்சர் வந்து, 'இட்டூப்பு சேட்டன் வீடுதானே, கம்ப்யூட்டர் எங்கே?'ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிக் காட்டினேன். அதுக்கப்புறம்தான் இது ஓடுது."

இட்டூப்பு டம்ளர்களைக் கழுவியே வைத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை விடியற்காலைக் குர்பானைப் பூசைக்குப் போகிற வழியில், டீச்சர் வாடகைக்கு இருந்த வீட்டுப் படியில் ஒரு பலாப்பழத்தை இறக்கி வைத்தார். டீச்சர் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை. தெருவிலும் யாரும் இல்லை. காம்பில் கட்டிய சீட்டில் 'நன்றி, மன்னிக்கவும். இட்டூப்பு' என்று எழுதியிருந்தார்.

எந்த இட்டூப்பு என்று எழுதவில்லை.