கொய்யா மரத்தில் தொங்கிய மென்பொருள்

மரியே வாழ்க

செர்டாங், கெடா

அன்புத் தம்பி ரஃபேலுக்கு அண்ணன் எர்னஸ்ட் ஆசியுடன் எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் அண்ணி பேட்ரிசியாவும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உண்மையில் நான் நலமாக இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய், அதனால்தான் தபால்.

பழைய கைக்கணினிகளின் மென்பொருள்களைச் சேர்த்துவைக்கும் என் கிறுக்கு உனக்குத் தெரிந்ததுதான். கரங்கானிலிருந்து தங்கமணி என்றொரு அம்மா, காலமான கணவரின் கைக்கணினியோடு வந்தார். சார்ஜரைப் பிடுங்கி எடுத்துவரவே பயந்தாராம். அதில் கணவரின் குரல் இருக்கிறது. பேட்டரி செத்தால் குரலும் அழிந்துவிடும். அதைப் பெரிய கணினிக்கு மாற்ற அதற்கென்றே உள்ள டிரைவர் மென்பொருள் வேண்டும். கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, இணையத்திலும் கிடைக்காது. அவர் என்னதான் பேசியிருக்கிறார் என்று கேட்டேன். "என்னைத் திட்டுறாரு அண்ணே, கறியில உப்பு இல்லன்னு. அதையாச்சும் எடுத்துக் குடுங்க லா" என்றார். டிரைவர் என்னிடம் இருக்கிறது, மாதக் கடைசி ஞாயிறு பூசை முடிந்து வாருங்கள் என்று மார்தட்டிச் சொல்லிவிட்டேன்.

அலமாரியைத் திறந்தால் மென்பொருள் சிடி பெட்டி காலி. உன் அண்ணியைக் கேட்டேன். "அந்தப் பழைய சிடிங்களா? கொய்யா மரத்துல கட்டிட்டேன். இப்ப ஒரு குருவி கிட்ட வருதா பாருங்க" என்கிறாள், பெருமையாக. ஓடிப்போய்ப் பார்த்தால், வெயிலிலும் மழையிலும் வெள்ளிப்பூச்சு உரிந்து, தட்டின் வழியே அடுத்த வீடு தெரிகிறது. நான் போய் ஏணியை எடுத்துவந்தேன். அவளோடு சண்டை போட்டால் யார் சமைப்பது? அடுத்த வீட்டுச் சத்தியசீலன் ஏணியைப் பிடித்துக்கொண்டே, "பழுத்த கொய்யாவ விட்டுட்டு இதப் போயி பறிக்கிறீங்களே அண்ணே" என்று வேறு கேட்டான். இறக்கியதை எல்லாம் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ஓடவில்லை, எறும்புதான் வெளியே வந்தது.

எதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று, எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்து யான் ஊரில் உன் வீட்டில் ஒரு பெட்டியாகக் கொடுத்துவைத்தேன் அல்லவா? இனி உலகத்தில் அது ஒன்றுதான். தம்பி, கூரியரில் அனுப்பாதே. துணியில் சுற்றி நீயே கொண்டு வா. கார் கண்ணாடி ஓரம் வைக்காதே, வெந்துவிடும். நான் அந்த அம்மாவின் முகத்தில் விழிக்க வேண்டும்.

உன் மனைவி ஏமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் செபங்கள். மாதா உங்கள் வீட்டையும் அதில் உள்ள யாவற்றையும், முக்கியமாக அந்தப் பெட்டியையும், காத்தருள்வாராக.

உன் அண்ணன்,
எர்னஸ்ட்

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான், மரத்தில் சிடி கட்டும் யோசனையை யார் கொடுத்தது என்று உன் அண்ணியைக் கேட்டேன். "நம்ம ஏமிதான். ஈஸ்டருக்குப் போனப்ப பார்த்தேன். வீட்டுல ஒரு பெட்டி நெறைய சிடிங்க சும்மா கெடந்துச்சாம். அவ மரத்துக்குக் கட்டுனது போக, மிச்சத்தப் பக்கத்து வீட்டு மலாய்க்கார பாக் சிக்கோட வயலுக்குக் குடுத்துட்டாளாம்" என்றாள். தம்பி, உடனே கதவைத் திறந்து வயலைப் பார். உரியாமல் ஒன்று மின்னினாலும் மெதுவாக அவிழ்த்து எடுத்து வை. அதுவும் போய்விட்டால் அந்த அம்மாவைத் திட்ட இனி ஆளில்லை.