வெனிங்கின் தொண்ணூற்றெட்டு விழுக்காடு

பேராசிரியை ஹர்யாந்தி அம்மையார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும், சென்ற மாதம் வழுக்கி விழுந்த தங்கள் மாமியாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். பல்கலைக்கழகப் பின்வாசலில் நகலகம் வைத்திருக்கும் சுகெங் எழுதுவது. தங்கள் மாணவி வெனிங்கின் அப்பா.

என் மகள் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை அம்மா. ரெம்பாங் கடற்கரையில் கருவாடு காயப்போடும் பெண்களோடு மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய ஆய்வேடு அது. அவள் பையில் அந்த வாடை இன்னும் போகவில்லை. அடுத்தவர் வரியை எடுத்தால் மேற்கோள் குறி, யார் சொன்னது, எந்தப் பக்கம், ஒன்று விடாமல் போட்டிருக்கிறாள். கடைக்கு வரும் சில பிள்ளைகள் வேறு ரகம். ஒருவன் யாருடையதோ ஒரு பத்தியை எடுத்து, அரசு மருத்துவமனையை மட்டும் ராஜாங்க வைத்தியசாலை ஆக்கிவிட்டு, "இனி எவன் கண்டுபிடிப்பான், மாமா?" என்றான். வெனிங்தான் அவனைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லை மாத்திட்டா சரக்கு உன்னுதாயிடுமா? யார்கிட்ட எடுத்தேன்னு ஒரு வரி எழுதினா கையா தேய்ஞ்சிடும்?"

அப்படிப்பட்ட பிள்ளையைக் கெடுத்தது நான்தான். ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது இருபது விழுக்காட்டைத் தாண்டினால் வாய்மொழித் தேர்வே கிடையாது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தெரியாமல், காப்பியைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் கடை மாணவர்களுக்காக வைத்திருக்கும் சோதனைக் கணக்கில் ஆய்வேட்டைப் போட்டுப் பார்த்தேன். பதினொன்று. நிம்மதியாகச் சாப்பிட்டேன். 'சேமிக்க வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட மறந்தது அப்போது தெரியவில்லை. குறியிடாவிட்டால் போட்டதை அது தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்த தடவை அதோடும் ஒப்பிடுமாம். திங்கட்கிழமை தாங்கள் சோதித்தபோது தொண்ணூற்றெட்டு காட்டியது. இதே ஆய்வேட்டை என் கடையிலிருந்து யாரோ முன்பே கொடுத்துவிட்டார்களாம். அந்த யாரோ நான்தான், அம்மா.

வெனிங் என்னோடு பேசுவதில்லை. அவள் அம்மா அதற்கும் சேர்த்துப் பேசுகிறாள். "ஊர்ப் பிள்ளைங்க ஆய்வேட்டுக்கெல்லாம் அழகா அட்டை போட்டுக் குடுத்தீங்க. நம்ம பிள்ளைக்கு மட்டும் ஆப்பு வெச்சிட்டீங்க." வியாழக்கிழமை தேர்வு முடிந்ததும் தெருவுக்கே பரிமாற, கோபுரமாகக் குவித்த மஞ்சள் சோற்றுக்குச் சொல்லியாகிவிட்டது. தேர்வே நடக்காவிட்டால் அந்தக் கோபுரச் சோற்றை எந்த முகத்தோடு வெட்டுவது?

நடந்ததைச் சொந்தச் சொற்களில் எழுதித் தரும்படி அலுவலகம் வெனிங்கைக் கேட்டிருக்கிறது. அந்த விளக்கமும் நாளை சோதனைக்குப் போகுமாம். அதை நம்பித் தேர்வை நடத்திவிடுங்கள். இனி அந்த இயந்திரத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். நோன்புப் பெருநாளுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. அன்று வழக்கப்படி எல்லோரிடமும் கேட்க வேண்டிய மன்னிப்பையும் சேர்த்து இப்போதே கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மாமியாரின் இடுப்பு சீக்கிரம் குணமாகட்டும்.

வஸ்ஸலாம்,
சுகெங்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தையே எங்கிருந்தோ எடுத்தேன் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று, கடைசியாக ஒரே ஒரு தடவை சோதனையில் போட்டேன். சுழியம். கையோடு வெனிங்கின் விளக்கத்தையும் போட்டேன். அதுவும் சுழியம். மனசு கேட்காமல் இரண்டையும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டும் நூறு. வெனிங்குக்கு இன்னும் தெரியாது அம்மா.