சொந்த ரத்தத்தின் மீது ஒரு புகார்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெருங்காரியம், நோயாளியின் ரத்தத்தை எடுத்து, கிறுகிறுவெனச் சுழற்றி, அவர் இடுப்பிலேயே திரும்ப ஏற்றியதுதான். இந்த 'மீளுருவாக்க ஊசி'யின் மகிமையை ஒரு பேருந்து ஓட்டுநர் நன்கு அறிவார். அவருக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்து, தசைநாணும் நைந்திருந்தது. கிளட்சை மிதித்தால் உயிர் போய் உயிர் வந்தது. மாதக் கடைசிக்குள் கால் சரியாகாவிட்டால் வண்டியைத் தொடக்கூடாது என்று பணிமனை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஊசி போட்டாயிற்று. வலி போகவில்லை, துணைக்கு முழங்காலையும் சேர்த்துக்கொண்டது. மனைவி அவரைக் கைத்தாங்கலாக மறுபடி சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

குளுகுளு அறையில் 'தர உறுதி அதிகாரி' விசாரணையைத் தொடங்கினார்.

"குறை ஊசி குத்தினதுலயா, மருந்துலயா?"

"நல்லாத்தான் குத்துனாங்க சார். மருந்துதான் வேலை செய்யல."

"ரொம்ப சீரியஸான புகார். தயாரிச்சவனைச் சும்மா விடமாட்டோம். யாரு தயாரிச்சது?"

ஓட்டுநர் திருதிருவென விழித்தார். "என் ரத்தம்தானே சார்..."

"அப்போ எதிர்த்தரப்பும் ஆஜர்!" அதிகாரி முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "ஏங்க, நம்பி வந்த நோயாளிக்கு இப்படி மட்டமான சரக்கைக் குடுக்கலாமா?"

"தப்புதான் சார்" என்றார் ஓட்டுநர், பதறிப்போய்.

"ஒத்துக்கிட்டாரு!"

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன கூத்து இது? அப்போ நீங்க என்னதான் செஞ்சீங்க?"

"நாங்க சும்மா சுத்தி விட்டோம்மா, அவ்வளவுதான்."

"இவரு வண்டி எடுக்கலன்னா வேலை போயிடும் சார்!"

"அதனாலதான் சமரசம் பண்ணி வைக்கிறேன். நோயாளி பெரிய மனசு பண்ணி மன்னிச்சிட்டா, விஷயம் முடிஞ்சது."

ஓட்டுநர் தன் வலது கையால் இடது கையைக் குலுக்கி, தன்னைத் தானே மன்னித்தார். அறையிலிருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதம் முடிந்தது. அவர் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். நிறுத்தத்தில் நின்று பார்த்தவருக்கு அழுகை முட்டியது.

நிலையத்தின் நேர்மையைச் சொல்லியே ஆக வேண்டும். குணமானால் பெருமை அவர்களுக்கு, குணமாகாவிட்டால் பழி அவரவர் ரத்தத்துக்கு என்பதில் அவர்கள் இம்மியும் பிசகியதில்லை. இத்தனை பேர் பிழைப்பில் கை வைத்தும் அங்கே ஒருவர் கையிலும் ரத்தக்கறை கிடையாது. சிந்தாமல் உறிஞ்சத் தெரிந்தவர்கள்.