காவி வேட்டியும் பேண்டல் மாதாவும்

நேர்ச்சை நடைக்குக் கிளம்புகிறவன் எல்லாவற்றுக்கும் முன்னால் தன் வேட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் ஜெபத்தைப் பற்றி யோசித்தேன், பாதையைப் பற்றி யோசித்தேன் (அதுவும் அரைகுறைதான்). வேட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் மாதம். வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி ஸ்டெல்லா, ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகளை இப்படித்தான் வயிற்றிலேயே இழந்திருந்தோம். அசையாமல் படுத்திருக்கச் சொன்ன டாக்டர், மேலே கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மாமியார் அவளைப் பார்த்துக்கொண்டார். நான் வராந்தாவில் எல்லோருக்கும் இடைஞ்சலாக நின்றேன். அந்தத் தவிப்பில்தான் நேர்ந்துகொண்டேன்: மாதாவின் விண்ணேற்புத் திருவிழாவுக்கு, கங்கைக்கரையில் வடக்கே இருக்கும் பேண்டல் மாதா கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்தே போவது. வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் இயேசுவைப் பற்றிச் சொல்வது.

"காய்கறிக்காரன்கிட்ட பெங்காலில பேரம் பேசவே நான்தான் வரணும். நீங்க இயேசுவப் பத்திச் சொல்லப் போறீயளாக்கும்!" என்றாள் ஸ்டெல்லா, படுத்தபடியே. சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் காவி உடுத்துவார்கள். நானும் காவி வேட்டி, காவித் துண்டு, கழுத்தில் ஜெபமாலை, பை நிறைய வங்காளத் துண்டுப் பிரசுரங்கள் என்று திருவிழாவுக்கு முந்தின நாள் விடியுமுன் ஹவுரா பாலம் தாண்டினேன்.

அது வங்காளிகளுக்குச் சிராவண மாதம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அந்த மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் காவி உடுத்தி, வெறுங்காலோடு, கங்கைத் தண்ணீரைக் காவடியில் சுமந்து தாரகேஸ்வர் சிவன் கோவிலுக்கு நடப்பார்கள். லிலுவாவில் ஒன்றிரண்டாகச் சேர்ந்தவர்கள் ஷேவ்ராபுலி வருவதற்குள் வெள்ளமாகிவிட்டார்கள். ஒருவர் "போலே பாபா!" என்று கத்த, கூட்டமே "பார் கரேகா!" என்றது. சிவன் கரை சேர்ப்பார் என்று அர்த்தம். என் பிரசுரங்களை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, படிக்காமலே மடியில் முடிந்துகொண்டார்கள். ஊழியம் அமோகமாக நடக்கிறது என்று நான் பூரித்துப்போனேன்.

ஷேவ்ராபுலியில் பேண்டலுக்கு நேரே போக வேண்டும். கூட்டம் இடதுபக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். ஜெபத்தில் மூழ்கியிருந்ததாகப் பங்குச்சாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். யாரோ கொடுத்த ஜிலேபியில்தான் மூழ்கியிருந்தேன்.

சாயங்காலமாகியும் கங்கை கண்ணில் படாதபோதுதான் வழி தப்பியது உறைத்தது. பாதமெல்லாம் கொப்புளம். ஒரு தண்ணீர்ப் பந்தலில் சரிந்து உட்கார்ந்தேன். அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த ஒரு மாஷி (அங்கே பெரியம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) என் காலை இழுத்து வெந்நீர்த் தாம்பாளத்தில் வைத்தார்.

பெரிய வியாழனன்று கோவிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அவை வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்த கால்கள். என் காலில் இருந்ததோ ஹவுராவிலிருந்து சேர்த்த தாரும் சாணியும். மாஷி விரலிடுக்கு விடாமல் தேய்த்தார்.

தாங்க முடியாமல், என் ஓட்டை வங்காளத்தில் கொட்டிவிட்டேன். "மாஷி, நான் கிறிஸ்தவன். பேண்டல் மாதாகிட்ட போறேன். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில. வழி தப்பிட்டேன். வேட்டியும் தப்பு."

காலை உதறிவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னொரு காலைக் கொடு" என்றார் மாஷி.

துடைத்துவிடும்போதுதான், "எத்தனை மாசம்? அவ பேரென்ன?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து பந்தலில் இருந்தவர்களிடம் என்னவோ சொன்னார். அடுத்த கணம் அத்தனை பேரும் ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். பிறகு மாஷி என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மாதாகிட்ட என் பேருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்து. எனக்கு ஒண்ணும் தங்கல. உன் வீட்டுல தங்கட்டும்" என்றார்.

இயேசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை மாஷிதான் எனக்குச் செய்து காட்டியிருந்தார்.

இரவு அங்கேயே படுத்து, விடிந்ததும் வந்த வழியே திரும்பினேன். எதிரே வந்த காவிக் கூட்டம் முழுவதும், "அண்ணா, கோவில் அந்தப் பக்கம்!" என்று என்னை மடக்கப் பார்த்தது. பேண்டலை அடைந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். காவலாளி என் காலைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். இரண்டு மெழுகுவத்திகள் ஏற்றினேன்.

நிறைமாதத்தில், நல்லபடியாக மகள் பிறந்தாள். இப்போது கார் ஓட்டுவது அவள்தான். எந்த நாற்சந்தி வந்தாலும், "அப்பா, லெஃப்ட்ல கூட்டமா போறாங்க, பின்னாடியே போயிடாதீங்க!" என்பாள். எல்லோரும் சிரிப்போம்.

ஒருமுறை ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. "போகட்டும் விடுடி" என்றாள். "அவர் அன்னைக்கு நேரா போயிருந்தா உனக்காக ஒரு மெழுகுவத்திதான் எரிஞ்சிருக்கும்."