வெறுங்காலில் ஒரு கோல்ஃப்

கோல்ஃபில் பந்தைத் தூரமாக அடிப்பவனைத்தான் எல்லாரும் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் குறைந்த அடியில் முடிப்பவன் ஜெயிக்கும் அந்த ஆட்டத்தில், கணக்கைக் கெடுப்பது குழிக்குப் பக்கத்திலுள்ள கடைசி நாலடிதான். என் உத்தியோகத்தைக் கெடுத்ததும் அந்த நாலடிதான்.

அப்போது ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். பெரிய ஆர்டர் தரக்கூடிய ஒரு ஜப்பான்காரர் வரவிருந்தார். அவருக்குக் கோல்ஃப் என்றால் உயிர். எங்கள் பெங்களூர்க்கார எம்.டி. என்னைக் கூப்பிட்டார். (ஆபீஸில் தொப்பை இல்லாதவன் நான் ஒருவன்தான்.)

"நோடப்பா, தூரமா அடிக்கறதை நான் பாத்துக்கறேன். குழிகிட்ட வந்ததும் நீ உள்ள தள்ளிடு. மத்தியானம் அவருக்கு ஃபேக்டரியைச் சுத்திக் காட்டணும். ரெண்டும் நல்லா முடிஞ்சா மேனேஜர் சீட் உனக்குத்தான்."

பழகப் புல்தரைக்கு எங்கே போவேன்? வேப்பனப்பள்ளியில் மாமனாரின் மாந்தோப்பை ஒட்டிச் சாணி மெழுகிய களம் இருந்தது. ஞாயிறுதோறும் அங்கே போய்ச் சொம்பைச் சாய்த்துவைத்துப் பந்தை உருட்டினேன்.

"மாப்ள, களத்துல செருப்போட ஏறாதீங்க. ராகி அடிக்கற எடம்" என்று மாமியார் கத்தினார். வெறுங்காலோடு ஏறிப் பழகினேன்.

கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த மாமனார், "இதுக்கா மாப்ள சம்பளம் தர்றாங்க?" என்றார்.

ஆட்டத்தன்று, குழியைச் சுற்றி மழுமழுவென்று வெட்டியிருந்த புல்தரையைப் பார்த்ததும் என் கால்கள் தாமாகவே ஷூவைக் கழற்றிவிட்டன. இந்த ஊர் மரியாதை போலிருக்கிறது என்று ஜப்பான்காரர் நினைத்திருக்க வேண்டும். அவரும் கழற்றி, அழகாக ஜோடி சேர்த்து வைத்தார். எம்.டி.யும் வேறு வழியில்லாமல் கழற்றினார். (சாக்ஸில் ஓட்டை. நான் பார்க்கவில்லை.)

உருட்டினேன். பந்து நேராகக் குழிக்குள் போனது. அடடா, மேனேஜர் சீட்டில் உட்கார்ந்தே விட்டேன்! கைதட்டல் ஓய்ந்து திரும்பினால், ஜப்பான்காரரின் ஒற்றை ஷூவைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் வேலிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மட்டையோடு துரத்தினேன். நாய் எங்கள் ஆர்டரைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மனிதர் ஆறடி. எங்கள் ஸ்டோரில் இருந்த எந்தப் பாதுகாப்பு ஷூவும் அவர் காலில் ஏறவில்லை. ஹோட்டல் செருப்போடு வந்தவரைச் செக்யூரிட்டி வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஷூ இல்லாம யாரு வந்தாலும் உள்ள வுடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்று என்னையே கேட்டார்.

ஜப்பான்காரர் கண்ணாடிக் கதவு வழியாகவே தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுப் போனார். வாசலில் இருந்த கண்டிப்பு பிடித்துப்போய் ஆர்டரும் கொடுத்தார். செக்யூரிட்டிக்குச் சம்பளம் கூடியது. மேனேஜர் சீட் வேறொருவருக்குப் போனது.

"இனிமே எந்தக் காலுக்கும் ஷூ இல்லேன்னு வரக்கூடாது" என்று சொல்லி, எம்.டி. அந்த ஷூ ஸ்டோரை என் தலையில் கட்டினார்.

விஷயம் வேப்பனப்பள்ளிக்கும் போய்விட்டது. இப்போதெல்லாம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால், வாசலில் புதுச் செருப்போடு தயங்கும் சொந்தக்காரர்களிடம் மாமியார் சொல்கிறார்:

"தைரியமா உட்டுட்டு வாங்க. எங்க மாப்ள பாத்துக்குவாரு. கம்பெனியிலயும் அவருக்கு அதான் வேலை."