ஒரு சொட்டு நீலம்

மார்ச் 9, திங்கள். வெள்ளையில் நீலம் ஒரு சொட்டு கூடிவிட்டது போலிருக்கிறது. என் கைப்பிழையாகவும் இருக்கலாம்.

பெயின்ட் டப்பாவின் மூடியில் பென்சிலால் இப்படி எழுதிவிட்டு, கலர் மாஸ்டர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அன்றைய கலவையை மூடியில் குறித்து வைப்பது அவருடைய பழைய பழக்கம். பிழையையும் சேர்த்துக் குறித்தது இதுதான் முதல் தடவை.

அது ஒரு கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு ஹால். பெரிய டாக்டர் வெளியூர் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "சுவரெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கு மாஸ்டர். நான் வர்றதுக்குள்ள பளிச்சுனு வெள்ளை அடிச்சு வைங்க. இது நல்லா அமைஞ்சா புதுசாக் கட்டற மாடியும் உங்களுக்குத்தான்."

மாஸ்டரின் கண்ணுக்கும் சுவர் மஞ்சளாகத்தான் தெரிந்தது. சாவி வைத்திருந்த பெருக்குகிற அம்மாதான் காலையிலேயே முணுமுணுத்தாள்.

"போன வருஷம் அடிச்ச சுவருண்ணே. நல்லாத்தானே இருக்கு."

"தரையைத் துடைக்கணுமேன்னு உனக்குக் கவலை. கண் டாக்டருக்கே மஞ்சளாத் தெரியுதாம். உன் கண்ணு அவர் கண்ணைவிடப் பெருசா?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

துணிக்கு நீலம் போடுவது மாதிரி, வெள்ளை பெயின்ட்டிலும் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டால் வெள்ளை எடுப்பாக இருக்கும். மாஸ்டர் விட்டார். மஞ்சளாகவே தெரிந்தது. இன்னொன்று விட்டார். அதற்கப்புறம் எண்ணவில்லை.

மறுநாள், பல்வலியால் ஒரு நாள் லீவு போட்டிருந்த மச்சினன் வேலைக்கு வந்தான். வந்தவன் வாசலோடு நின்றுவிட்டான்.

"என்ன மாமா, இங்க நீச்சல் சொல்லித் தரப் போறாங்களா?"

"வாயை மூடிட்டு பிரஷ்ஷை எடு மாப்ள. வெள்ளை அடிக்கறோம்."

"இது வெள்ளைன்னா வானமும் வெள்ளைதான் மாமா."

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வருஷத்தில் அது மூன்றாவது கண்ணாடி. கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்பது அவருடைய முடிவு. சுவர் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது.

"டப்பா பழசு. அதான் மஞ்சள் விடுது" என்றார்.

புது டப்பா வந்தது. திறந்து பார்த்தார். அதிலும் மஞ்சள். கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே நீலச் சாயக் குப்பியைப் பாதிவரை கவிழ்த்தார். இரண்டாவது கோட் ஏறியது. மச்சினன் கை, விருப்பமில்லாமல் முதுகு தேய்த்துவிடுகிறவன் கை மாதிரி அசைந்தது.

"வெளிச்சம் பத்தலைடா. லைட்டைப் போடு."

ஹாலில் எட்டு டியூப்லைட். எட்டையும் டாக்டர் போன மாதம்தான் போட்டாராம்.

"வெளிச்சத்தோட அருமை தெரிஞ்ச மனுஷன்" என்று மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். "லைட்டைச் சுத்திக் கலர் கலரா வளையம் வேற. என்னமா டிசைன் பண்றானுங்க."

"எந்த வளையம் மாமா?"

"எல்லாத்துலயும் இருக்கே."

மச்சினன் விளக்கைப் பார்த்தான். அப்புறம் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

பொதுவான ஆள் ஒருவரைக் கேட்டுவிடலாம் என்று மாஸ்டரே வழி சொன்னார். பார்சல் கொடுக்க வந்தவரைப் பிடித்து சுவர் முன்னால் நிறுத்தினார்.

"தம்பி, மனசுல பட்டதைச் சொல்லு. இது என்ன கலர்?"

"நீலம் சார்."

"உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் சார்."

அன்றைய மூடியில் இப்படி எழுதினார்: மார்ச் 10. மச்சினனும் பார்சல்காரரும் கூட்டு. நான் தவறாகவும் இருக்கலாம், ஆனால் வாய்ப்பில்லை.

புதன்கிழமை, அந்த வாரம் புதிதாக வேலையில் சேர்ந்திருந்த டெஸ்ட் மேடம் மெஷின்களைத் துடைக்க வந்தார். கண் பரிசோதிப்பது அவர் வேலை. ஹாலைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், கைப்பையை வைத்தார்.

"சார், ரெண்டு நிமிஷம் உள்ள வந்து உக்காருங்க."

"எனக்கென்ன மேடம். வேணும்னா இவனைப் பாருங்க. வெள்ளைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாம நிக்கறான்."

"அவரை அப்புறம் பார்க்கறேன்."

எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னார். மாஸ்டர் மேலிருந்து கீழே கடகடவென்று ஒப்பித்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அதைவிடச் சின்ன எழுத்து, கடைசியில் அச்சகத்தின் போன் நம்பர்.

"போதுமா மேடம்?" என்றவர், மச்சினன் பக்கம் திரும்பி மீசையைத் தடவினார்.

"பலகையைக் கழட்டித் துடைச்சு மாட்டினது யாரு சார்?"

"நான்தான். மேசையில படுக்கப் போட்டு ஒவ்வொரு எழுத்தாத் துடைச்சேன்."

"தலைகீழா மாட்டியிருக்கீங்க."

மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்ப் பெருக்குகிற அம்மாவின் வாளியைத் தட்டிவிட்டு வந்தான்.

மேடம் சிரிக்கவில்லை. விளக்கடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார்.

"வெள்ளை மஞ்சளாத் தெரியுது. லைட்டைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு உங்க மச்சினர் சொன்னார். சாயங்காலம் எதிர்ல வர்ற வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுதா?"

"அது இப்ப எல்லாப் பயலும் பெரிய லைட்டா மாட்டிட்டு வர்றான்."

"கண்ணாடி பவர் அடிக்கடி மாறுதா?"

"அது கடைக்காரன் பண்ற வேலை."

"வெளிச்சம் பத்தலைன்னு தோணுதா?"

மாஸ்டர் எட்டு டியூப்லைட்டை நினைத்துக்கொண்டார்.

"ரெண்டு கண்லயும் புரை சார். மெதுவா வர்றதால, ஊரே மஞ்சளாயிட்டு வருதுன்னு தோணும், கண்ணு மேல சந்தேகம் வராது. ஆபரேஷன் பண்ணா இது சரியாகிடும். ஆனா திடீர்னு கண்ணுக்குள்ள மின்னல் அடிச்சாலோ, ஓரத்துல திரை இறங்கற மாதிரி இருந்தாலோ, அன்னைக்கே ஓடி வந்துடணும். அப்ப கடைக்காரனைத் திட்டிட்டு உக்காந்திருக்கக் கூடாது."

மாஸ்டர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் நீலம். அவருக்கு அது சாம்பலாகத் தெரிந்தது.

"மாப்ள, உண்மையைச் சொல்லு. வக்கீல் வீட்டு ஹாலுக்கு க்ரீம் அடிச்சோமே."

"பச்சை மாமா."

"ஒரு வார்த்தை சொல்லலையே அவரு."

"வீட்டை வித்துட்டாரு."



"நான் சொன்னாத்தான் கலர்னு இருந்த ஊரு இது" என்றார் மாஸ்டர். குரல் இறங்கியிருந்தது. "வீட்ல பொண்டாட்டி புடவை எடுத்தாக்கூட எங்கிட்டதான் காட்டுவா. இனிமே எவன் என்னைக் கேப்பான்?"

"ஆபரேஷன் முடிஞ்சா நீங்களே பார்த்துச் சொல்லுவீங்க சார். பெரிய டாக்டர் கை ராசியான கைனு எல்லாரும் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை காலையில வர்றார். ராத்திரியில கார் ஓட்டறதை விட்டுட்டாராம், இல்லேன்னா முந்தின நாளே வந்திருப்பார். சனிக்கிழமை முதல் ஆளா உங்க பேரைப் போட்டுடறேன்."

"அதுவரைக்கும் இந்தச் சுவரு?"

"அதை அவர் பார்த்துக்கட்டும்" என்று மச்சினனைக் காட்டினார்.

மாஸ்டர் நீலக் குப்பியை எடுத்தார். அதை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் வேலை நடக்கிற இடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

வியாழன் முழுக்க மச்சினன் அடித்தான். டப்பாவைத் திறந்து, எதுவும் கலக்காமல், அப்படியே. மாஸ்டருக்குச் சுவர் முழுக்க மஞ்சளாக ஏறிக்கொண்டு வந்தது. வாய் துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார்.

"எப்படி இருக்கும்மா?" என்று பெருக்குகிற அம்மாவிடம் கேட்டார்.

"முன்ன இருந்த மாதிரியே இருக்குண்ணே."

வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டர் வந்தார். பெட்டியை வைத்தார். முதல் காரியமாக எட்டு டியூப்லைட்டையும் போட்டார். ஹாலின் நடுவில் நின்று சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

மாஸ்டர் எழுந்து நின்றார். அந்த மாடி வேலை, நாளைய ஆபரேஷன், இந்த ஊரில் மிச்சமிருக்கிற பேர், எல்லாம் அந்தப் பார்வையில் தொங்கின.

"சுத்த வெள்ளை டாக்டர். எதுவும் கலக்கலை. என் கண்ணை நம்பாம, இவன் கண்ணை நம்பி அடிச்சது."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அதான் பார்க்கறேன். இன்னும் மஞ்சளாவே இருக்கே மாஸ்டர். ஒரு சொட்டு நீலம் விட்டுப் பாருங்களேன்."

மாஸ்டர் டெஸ்ட் மேடத்தைப் பார்த்தார். மேடம் தரையைப் பார்த்தார். மாஸ்டர் மெதுவாகக் குனிந்து, டப்பா மூடியையும் பென்சிலையும் எடுத்தார்.

மார்ச் 13, வெள்ளி. சுவரில் பிழையில்லை. நாளை: ஆபரேஷன் வேண்டாம். காலை பத்து மணிக்கு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வேறு கண் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு டோக்கன்.