பூசணிக்காயும் பொறுப்பாளர் ஆமையும்

ஒரு காட்டில் பரஞ்சோதி என்றொரு நரி இருந்தான். குளத்து ஆமை உலகநாதனுக்கு முதலில் துரோகம் செய்தவன் அவன்தான் என்பதால் கதையிலும் அவனுக்கே முதலிடம். இந்த மரியாதையே அவனுக்கு அதிகம்.

பரஞ்சோதி காட்டுத் திரைப்படக் கல்லூரி மாணவன். குறும்படம் எடுக்கக் கையில் காசு இல்லை. கேமராவைக் கல்லூரிதான் கொடுக்க வேண்டும். அதற்கு ஆபத்துப் படிவம் நிரப்பித் தரச் சொன்னார் முதல்வர் கரடியார். என்ன விபரீதம் நடக்கலாம், நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள், யார் பொறுப்பு என்று அதில் மூன்று கட்டங்கள்.

மழை வரலாம், யானை குறுக்கே வரலாம், கதாநாயகி மயில் கோபித்துக்கொண்டு பறந்துவிடலாம் என்றெல்லாம் நரி எழுதினான். இரண்டாவது கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பூஜை போடுவோம். மூன்றாவது கட்டத்தில்தான் பேனா நின்றது. ஒளிப்பதிவாளர் குரங்கு, தன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லி மரத்தில் ஏறிக்கொண்டது.

அப்போது நினைவுக்கு வந்தவர்தான் உலகநாதன். வயது நூற்று நாற்பது. அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் போய்விடுவார். தன் பேச்சை ஒருவராவது கடைசிவரை கேட்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

"பெரியப்பா, படத்தில் உங்களுக்கு ஒரு வசனம் வைத்திருக்கிறேன். 'இந்தக் குளம் என்னுடையது.' முகத்துக்குப் பக்கத்திலேயே கேமரா. இங்கே மட்டும் கால்ரேகை வையுங்கள்."

"இதில் என்ன எழுதியிருக்கிறது தம்பி?"

"நீங்கள் இல்லாவிட்டால் படமே இல்லை என்று."

அதில் பொய் இல்லை. உலகநாதன் ரேகை வைத்தார்.

படப்பிடிப்பன்று கேமராவுக்கு எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டி, குளக்கரையில் பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்த துண்டுகளை ஒதுக்குவது யார் வேலை என்று படிவத்தில் இல்லை, யாரும் ஒதுக்கவில்லை. ஆமை கழுத்தை நீட்டி, "இந்தக்..." என்று தொடங்கினார். காட்சி அழகாக வர வேண்டுமென்று குரங்கு இரண்டடி பின்னால் போனது. பூசணித் துண்டில் கால் வழுக்கியது. கேமரா குளத்தில் விழுந்தது. குரங்கு மரத்தில், நரி புதரில், மயில் வானத்தில்.

"...குளம் என்னுடையது," என்று உலகநாதன் முடித்தபோது கரையில் ஒருவரும் இல்லை.

விசாரணையில், பூசணிக்காய் படிவத்திலேயே இல்லையே என்று ஆமை வாதாடினார்.

"பூசணிக்காய் இல்லைதான். நீங்கள் இருக்கிறீர்களே, உலகநாதன்," என்றார் கரடியார்.

கேமரா கிடைக்கும்வரை குளத்துச் சேற்றைத் துழாவும்படி ஆமைக்கு உத்தரவானது. ஒவ்வோர் ஆபத்துக்கும் பொறுப்பாளர் பெயரை ஒழுங்காக எழுதியிருந்ததற்காக நரிக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

நரி இன்றும் அந்தக் கரை வழியாகத்தான் கல்லூரிக்குப் போகிறான். தலையில் சேறோடு ஆமை மேலே வந்து, "தம்பி, என் வசனம்..." என்று தொடங்குவார். எப்போது எடுக்கப் போகிறாய் என்று அவர் முடிப்பதற்குள் நரி வளைவைத் தாண்டியிருப்பான். அந்த ஒரு வசனம் இன்னும் பாக்கி.

நீதி: எந்த ஆபத்துக்கும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும், அதாவது, ஓட முடியாத ஒருவரை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.